கருப்பணனுக்கு ஊற்றிய பால்

என் தங்கை சண்முகவள்ளியின் புருஷன் கருப்பணன் ஒரு வாய்ச் சோறு தின்று பார்த்தவர்கள் திண்டுக்கல்லில் யாரும் கிடையாது. பேகம்பூர்ப் பக்கம் ஒரு புகையிலைக் கிட்டங்கியில் அவனும் நானும் மூட்டை தூக்கினோம். மத்தியானம் எல்லோரும் தூக்குச்சட்டியைத் திறந்தால், அவன் மட்டும் சட்டியோடு சிப்பங்களுக்குப் பின்னால் போய்விடுவான். வரும்போது சட்டி காலி.

"ஏலே, உன் தங்கச்சி புருசன் சோத்தக் காது வழியாத் திங்கிறானா?" என்பான் கூட மூட்டை தூக்குகிற சுருளிவேல்.

"பேய்க்கு எதுக்குப்பா வாயி? மோந்து பாத்தாப் போதும்" என்பான் நைனா முகமது.

கருப்பணன் சிரித்துக்கொள்வான். எனக்குத்தான் மானம் போகும். கல்யாணத்தன்றே பழனிக்கு விரதம் என்று சொல்லி இலையில் உட்காராத ஆள். பால்பழம் கொடுத்தபோது வாயில் வாங்கி, குனிந்து துண்டில் துப்பினான். நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் கறி எடுத்து, அவனுக்கு இலையும் போட்டாயிற்று. "வயிறு சரியில்ல மச்சான்" என்று கறிச்சோற்றைச் சட்டியில் வாங்கிக்கொண்டு தங்கையோடு நடையைக் கட்டினான். போட்ட இலை வெறுமனே கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நானும் போய் அவன் வீட்டுக் கதவை உதைத்தேன்.

சட்டையில்லாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். வாய் நிறையச் சோறு. கண்ணை மூடிக்கொண்டு மென்றான். மென்று முடித்ததும் குனிந்து, தொப்புளுக்கு மேலே இடப்பக்கம் செருகியிருந்த தகரப் புனலில் துப்பினான். தங்கை கொஞ்சம் வெந்நீர் ஊற்றினாள். சோறு உள்ளே போனது.

பயத்தை மறைக்கக் கத்தினேன். பேயா, பில்லிசூனியமா, இப்படி ஏமாற்றிக் கட்டிக்கொண்டாயே என்று வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அவன் முகத்தில் அதே சிரிப்பு.

"மெதுவாப் பேசுண்ணே. அது செவக்குது பாரு" என்று புனலை எடுத்தாள் தங்கை.

ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை. உள்ளே ஈரச் சதை, கோழிக்கொண்டை மாதிரி சிவந்து விம்மிக்கொண்டிருந்தது. மேலே முகம் சிரிக்கிறது. கீழே அது என்மேல் கோபப்படுகிறது.

"மூஞ்சி உங்களுக்கு. இது எனக்கு" என்றாள் தங்கை. "இது பொய் சொல்லாது. கோவம் வந்தாலும் செவக்கும், ருசிச்சுத் தின்னாலும் செவக்கும்."

சின்னப் பிள்ளையில், அவன் ஆத்தாள் வேலை பார்த்த சோப்புக் கொட்டகையில், டம்ளரில் இருந்த சோப்புக் காரத்தைத் தண்ணீர் என்று குடித்திருக்கிறான். தொண்டைக்குக் கீழே வெந்து, சோறு இறங்குகிற குழாய் மூடிப்போனது. ஆஸ்பத்திரியில் வயிற்றில் வழி வைத்து உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

"நேரா ஊத்திக்கிறலாமே மாப்ளே, எதுக்கு மெல்லுற?"

"ஊத்திப் பாத்தேன் மச்சான். வயிறு ரொம்புது, பசி போகல. நாக்கு சொன்னாத்தான் வயித்துக்குத் தெரியுது. தந்திக்கம்பி மாதிரி நரம்பு ஓடுதுன்னு டாக்டர் சொன்னாரு."

வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினான். பிறகு இன்னொன்றும் சொன்னான். "நான் சாகுறப்ப வாயில பால் ஊத்துவாக. எறங்காது மச்சான், வெளியதான் வரும். பால் எறங்காமப் போனவன் வாசல்ல வந்து நின்னு சோறு கேப்பான்னு சொல்றாக. இவ வாசல்லயே நான் வந்து நிக்கணுமா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் ஓட்டைக்குள் பார்த்தேன். சிவப்பு போய்ச் சாம்பலாக வெளுத்திருந்தது.

அதன் பிறகு எனக்கு எதைப் பார்த்தாலும் அதே நினைப்பு. நைனா முகமதுவின் அண்ணன் கறிக்கடையில், அறுத்த ஆட்டின் குடல் சட்டிக்குள் புழுப்போல் நெளிந்தது. "என்னப்பா இது?" என்றேன். "தல போனது கொடலுக்குச் செத்த நேரம் கழிச்சுத்தான் தெரியும்" என்று அவர் சாதாரணமாகச் சொல்லி கத்தியைத் தீட்டினார்.

அறுபத்திரண்டு ஐப்பசியில் கருப்பணன் காய்ச்சலில் விழுந்தான். மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம், மூச்சு மேலே இழுக்க ஆரம்பித்தது. சொந்தமெல்லாம் கூடிவிட்டது. அவன் அத்தை ஒச்சம்மாள் முதல் பாலை வாயில் விட்டாள். கடைவாயில் வழிந்தது. மறுபடி விட்டாள். மறுபடி வழிந்தது.

"பால் எறங்கலையேடி!" என்று கிழவி பின்வாங்கினாள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருத்தி முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடினாள்.

மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். காற்று இல்லை. "வள்ளி, போயிட்டாம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷம் மறைத்ததை ஊர் முன்னால் திறக்க வேண்டும், இல்லையென்றால் அவனைப் பசியோடு அனுப்ப வேண்டும். நான் தலையை ஆட்டினேன். அவள் போர்த்தியிருந்த வேட்டியை விலக்கி, புனலை எடுத்துச் செருகினாள். ஒச்சம்மாள் "ஆத்தே!" என்று அலறியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

தங்கை பாலை ஊற்றினாள். பால் புனலில் அப்படியே நின்றது.

"நாக்கு, நாக்கு" என்று தனக்குள் முனகினாள். விரலைப் பாலில் நனைத்து அவன் நாக்கில் தடவினாள். "பாலுங்க. நாந்தான் ஊத்துறேன். பசியோட போகாதீங்க."

மழைச் சத்தம் மட்டும். என் கை இன்னும் அவன் மூக்கடியில்தான் இருந்தது. மூச்சு இல்லை, இல்லவே இல்லை. புனலில் பால் லேசாக நடுங்கியது. பிறகு மடக் மடக்கென்று இறங்கியது, தாகத்தோடு ஒருவன் குடிக்கிற மாதிரி.

புனலை எடுத்தது நான்தான். உள்ளே பார்த்ததும் நான் மட்டும்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தங்கை கேட்டாள். "கண்ணுல தண்ணி மறச்சுருச்சுண்ணே, நான் பாக்கல. பால் எறங்குனப்ப உள்ள எப்படி இருந்துச்சு?"

"செவந்துச்சும்மா" என்றேன்.

அவள் வாசலில் இன்றுவரை யாரும் வந்து நின்றதில்லை. நான்தான் கைநிறையத் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம், தொண்டையில் மடக் மடக்கென்று இறங்குகிற அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பாதியில் நிறுத்திவிடுகிறேன்.