பன்றிக்குக் கட்டிய கம்பி

மாவடிப்பள்ளி வட்டையின் வயல்வெளி முழுவதிலும் தன் காணியைத் தானே முன்னின்று செய்யும் பெண் ஸுல்பிகா ஒருத்திதான். உம்மா வழியில் சீதனமாக வந்த வயல் அது. கணவர் மாரடைப்பில் போன பிறகு, குத்தகைக்குக் கொடுத்துவிடு என்று அவளுடைய அண்ணன் றஸாக் காக்கா எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. ஸ்கூட்டியில் உரப்பையைக் கட்டிக்கொண்டு கல்முனையிலிருந்து விடியப் புறப்பட்டுவிடுவாள். ஒன்றை நினைத்துவிட்டால் அவளைத் திருப்ப ஏலாது என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

அந்த வட்டையில் ஊரே பயந்தது சுபியானுக்குத்தான். நீர்ப்பம்பி, கன்றுமாடு, காயப்போட்ட நெல் எதையும் விடமாட்டான். பொலிசில் பிடித்துக் கொடுத்தால் பிணையில் வந்து, கொடுத்தவனின் வயலிலுள்ள வாடிக் குடிசையைக் கொளுத்துவான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஐஸ் போதைத்தூள் விற்கிறான் என்றும் கதை இருந்தது. ஸுல்பிகாவின் பம்பியை அவன் கழற்றிக்கொண்டு போன போகத்தில், கதிர் பால்பிடிக்கும் நேரம் பார்த்து வயல் வெடித்துக் கருகியது.

"இவனெல்லாம் மௌத்தானா ஆருக்கு நட்டம்?" என்று பக்கத்துக் காணிக்காரர் சின்னப்போடியிடம் அவள் கேட்டாள்.

"ஒருத்தருக்கும் இல்ல தங்கச்சி" என்றார் அவர்.

அடுத்த பெரும்போகத்தில் வயலுக்குள் காட்டுப்பன்றி இறங்கியது. வாடிக்கு இழுத்திருந்த மின்சாரத்திலிருந்து வரம்போரமாக வெறுங்கம்பி கட்டினாள். குற்றம் என்று தெரியும். தெரிந்துதான் எல்லாரும் கட்டியிருந்தார்கள். பொழுதுபட அவள் சுவிச்சைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவாள். காவலுக்குக் கிடக்கும் சின்னப்போடி விடிந்ததும் நிற்பாட்டிவிடுவார்.

ஒரு நாள் மாலை, மஃரிப் தொழுகைக்குச் சற்று முன் சுவிச்சில் கையை வைத்தபோது, வாய்க்காலுக்குள் சுபியான் நிற்பதைக் கண்டாள். இடுப்பளவு தண்ணீரில், வீச்சுவலையோடு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் வீட்டுக்குத் திரும்புவதானால் அவளுடைய வரம்பால்தான் போக வேண்டும். கூப்பிட்டால் கேட்கக்கூடிய தூரம். அவள் கூப்பிடவில்லை. பன்றிக்குக் கட்டியது, மனிதனென்றால் பார்த்துப் போகட்டும் என்று நினைத்தாள். சுவிச்சைப் போட்டாள். ஸ்கூட்டியை எடுத்தாள்.

காலையில் சின்னப்போடி போன் எடுத்து அவளை வரச் சொன்னார். அவள் போய்ச் சேர்வதற்குள் அவர் வெறுங்கம்பியைச் சுருட்டி எங்கோ ஒளித்துவிட்டு, புதுப் பம்பிக்குப் போகும் வயரை வெட்டி, செத்துக் கிடந்த சுபியானின் கையருகே போட்டிருந்தார். அவன் பக்கத்தில் ஒரு பையும் கிடந்தது. அதற்குள் நாலைந்து செப்பலி மீன்கள்.

"நீ ஒண்டும் கதைக்காத தங்கச்சி. வயர் வெட்ட வந்தவன், கரண்ட் அடிச்சிற்று. எல்லாரும் அதத்தான் சொல்லுவம்."

ஸுல்பிகா கதைக்கவில்லை. மரண விசாரணையிலும் அப்படியே பதிந்தார்கள். களவெடுக்கப் போய்ச் செத்தவனுக்காகக் கேள்வி கேட்க ஆளில்லை. வட்டையே மூச்சுவிட்டது. ஒரு கலியாண வீட்டில், "உங்கட வயருக்கு அல்லாஹ்ட நல்ல பரக்கத் ராத்தா" என்று ஒருத்தி சொல்ல, சாப்பாட்டுச் சகன் தட்டைச் சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஸுல்பிகாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து தன் பக்கத்து நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவன் கெட்டவன், சரி. கம்பி பன்றிக்குக் கட்டியது, சரி. அவள் அவனைத் தொடக்கூட இல்லை, அதுவும் சரி. எல்லாம் சரியாகவே இருந்தும் நெஞ்சு அடங்கவில்லை.

கைம்பெண் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்து வெளியே இறங்கிய சுபியானின் மனைவி மேனுஜா ஒரு நாள் அவளுடைய வாசலுக்கு வந்தாள். புருஷன் களவெடுத்த வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கி, மௌத்தானவரின் பாவத்தை மன்னிக்கும்படி மாப்புக் கேட்டுக்கொண்டு திரிந்தாள் அவள்.

"அவர் உங்கட பம்பிய எடுத்த. மறுகா வயரையும் வெட்ட வந்த. கப்றுக்குழிக்குள்ள கிடக்கிற மனிசன். மாப்புத் தாங்க ராத்தா."

"பம்பிக்குத் தந்துட்டன் புள்ள. வயருக்குத் தர ஏலா."

மேனுஜா தலையைக் குனிந்துகொண்டாள். இந்த மாதிரிப் பதில்கள் அவளுக்குப் பழகியிருந்தன.

"அவர் வயர் வெட்ட வரல்ல" என்றாள் ஸுல்பிகா. "மீன் புடிச்சுப்போட்டு ஊட்ட போனவர். நான் கட்டின கம்பியில பட்டுத்தான் மௌத்தான. அவர் வாய்க்காலுக்குள்ள நிண்டத்தக் கண்டுக்கிட்டுத்தான் நான் சுவிச்சப் போட்டன்."

மேனுஜா தலையை நிமிர்த்தினாள்.

"மீன் புடிக்கவா போன?"

"ஓம்."

"அண்டைக்கு ஊட்ட கறிக்கு ஒண்டும் இரிக்கல்ல" என்று சொல்லிவிட்டு, முன்னால் வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனாள்.

பொலிசில் போய் உண்மையைச் சொல்வதென்று அந்த நிமிடத்தில் ஸுல்பிகா முடிவெடுத்துவிட்டாள். முதலில் சின்னப்போடியிடம் போனாள். கேட்டதும் அவர் முகம் கறுத்தது.

"உனக்காகத்தானே செஞ்சன். இப்ப என்னையும் மாட்டப் போறியா?"

"கம்பியச் சுருட்டினது, வயர வெட்டினது எல்லாம் நான்தான் எண்டு சொல்லுவன் அண்ணன்."

உண்மையைச் சொல்லப் புறப்பட்டவள், புறப்படும்போதே ஒரு பொய்யையும் எடுத்துக்கொண்டாள். அது சரியா பிழையா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

றஸாக் காக்கா ஒரு சட்டத்தரணியைப் பிடித்தார். "பன்றிக்குக் கட்டினன், ஆள் வந்தது தெரியாது. இவ்வளவுதான் சொல்லணும்" என்றார் சட்டத்தரணி. அவள் தலையாட்டவில்லை. பொலிசில் வாக்குமூலம் எழுதியவரும் அவளுக்கு வழிவிட்டே கேட்டார்.

"பண்டிக்குத்தானே கட்டின?"

"கட்டினது பண்டிக்குத்தான் சேர். அண்டைக்கு சுவிச்சப் போடக்குள்ள அவர் அதால வருவாரெண்டு எனக்குத் தெரியும். அதையும் எழுதுங்க."

காக்கா வெளியே எழும்பிப் போய்விட்டார்.

அந்த ஒரு வசனத்தால் வழக்குப் பாரமானது. விபத்து என்று முடிந்திருக்கக் கூடியது மேல் நீதிமன்றம் வரை போனது. கொல்ல நினைத்தாயா என்று கேட்டார்கள். "கொல்லணும் எண்டு நினைக்கல்ல, காப்பாத்தணும் எண்டும் நினைக்கல்ல" என்றாள். ஓராண்டுக்கு மேல் மறியல் சிறையில் கிடந்தாள். வயலைக் காக்காதான் பார்த்தார்.

திரும்பி வந்தபோது ஊர் இரண்டாகிக் கிடந்தது. ஒரு களவாணிக்காகத் தன்னையும் கெடுத்து வட்டையின் பேரையும் கெடுத்தவள் என்றார்கள் சிலர். சின்னப்போடி முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. மேனுஜாவைச் சந்தையில் கண்டாள். இந்த முறை மாப்புக் கேட்டவள் ஸுல்பிகா.

"அவர் இல்லாம எனக்கும் புள்ளைகளுக்கும் அடி இல்ல, சத்தம் இல்ல. நிம்மதியாத்தான் இரிக்கம்" என்றாள் மேனுஜா. "அதுக்காக உங்களுக்கு மாப்புத் தர ஏலுமா ராத்தா? தர வேண்டியவர் கப்றுல இரிக்கார். களவெடுக்கப் போய் மௌத்தானவன்ட புள்ளைகள் எண்டு இப்ப ஒருத்தரும் சொல்றதில்ல. அது போதும்."



இந்தப் பெரும்போகத்துக்கு முன் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் அவள் எழும்பி நின்றாள். வட்டையில் கட்டியிருக்கிற கம்பிகளையெல்லாம் கழற்ற வேண்டும் என்றாள். "பண்டிய நீயா வந்து கலைப்பா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஓம், கலைப்பன். ஆர்ர வயலுக்குக் காவல் வேணும், சொல்லுங்க."

கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது. மறுநாள் பின்னேரம் கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். முதல் வரம்பின் சொந்தக்காரர் தடியோடு நின்றார். அவள் ஸ்கூட்டியை நிறுத்தி, ஸலாம் சொல்லி, கம்பியைக் கழற்றும்படி கேட்டாள். மாட்டேன் என்றார். அவள் ஸ்கூட்டியில் ஏறி அடுத்த வரம்புக்குப் போனாள்.