இஃபத் சொன்ன ‘போதும்’

ஈரானில் யஸ்த் நகரத்துச் செருப்புக்கடை ஹபீபுக்கு நாலு பெண்கள். மூன்றாமவள் இஃபத். அந்த ஊர் வழக்கப்படி தாயின் தங்கை மகனையே கட்டிக்கொண்டு, பள்ளிச் சீருடை தைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவள். ஐம்பது தாண்டியதும், படியேறினால் நெஞ்சை யாரோ பிழிவது போலிருந்தது. இரத்தநாளத்தில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர்கள் அடைப்பே இல்லை, மனக்கவலைதான் என்று தூக்க மாத்திரை கொடுத்தார்கள்.

“உங்களுக்கு வேலை செய்யத்தான் வலிக்குது அண்ணி,” என்பாள் நாத்தனார் பத்ரி.

வருடக்கணக்கில் இதைக் கேட்டுப் புழுங்கிய பிறகு ஒரு டாக்டர் விஷயத்தைச் சொன்னார். இதயத்தின் பெரிய குழாய்கள் சுத்தம். முடியைவிட மெல்லிய குழாய்களில்தான் கோளாறு. கத்தி வேண்டாம். கட்டிலில் படுக்கவைத்துக் கால், தொடை, இடுப்பில் பட்டை சுற்றுவார்கள். இதயம் ஓய்கிற நொடியில் பட்டை காற்றடைத்து இறுகி இரத்தத்தை மேலே தள்ளும். இஃபத்துக்கு அழுகையே வந்துவிட்டது. வலி பொய்யில்லை என்று ஒருவராவது சொன்னாரே!

ஏழு வாரம் போனாள். வலி அப்படியே இருந்தது.

“உங்களுக்கு இது ஒத்துவரலை. நிறுத்திடலாம்,” என்றார் டாக்டர்.

“வலியே கிடையாதுன்னு நான் அப்பவே சொன்னேனே,” என்றாள் துணைக்கு வந்திருந்த பத்ரி.

கருவியைப் பார்த்துக்கொள்ளும் பெண் குறுக்கிட்டாள். “இறுக்கம் ஏறவே இல்லை டாக்டர். கூட்டட்டுமான்னு கேட்டா, பாதியிலேயே ‘போதும்மா’ன்னுடுவாங்க.”

“அவ்வளவு வலிச்சுதா, இஃபத் கானும்?” என்று மரியாதையாகவே கேட்டார் டாக்டர்.

“அதெல்லாம் இல்லீங்க.” இஃபத் தலைத்துணியின் நுனியை முறுக்கினாள். “கேட்ட உடனே சரின்னா மரியாதையா இருக்குமா? இன்னொரு தடவை கேட்டிருந்தா சரின்னிருப்பேன். இந்தப் பொண்ணு கேக்கவே இல்லையே!”

“போதும்னா நான் நிறுத்தித்தான் ஆகணும்,” என்று அந்தப் பெண் முணுமுணுத்தாள்.

பத்ரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அது என்ன விருந்துல நீட்டுற பிலாவ் சோத்துத் தட்டா அண்ணி? மூணு தடவை உபசாரம் பண்ணினாத்தான் வாங்குவீங்களா?”

டாக்டர் பெருமூச்சு விட்டார். “முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். கட்டில் புத்தாண்டு கழிஞ்சுதான் காலியாகும். உங்களுக்கு அவசரமில்லையே?”

“உங்க சௌகரியம்போல...” என்று வாய் தானாகத் தொடங்கியது. அடுத்த நொடி இஃபத் எழுந்து நின்றாள்.

“அவசரம்தான்! நேத்து பாதிப் படியில உக்காந்துட்டேன். எனக்கு வலிக்குது, வலிக்குது!”

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் தணிந்த குரலில், “நாளையிலேர்ந்து எங்க மதியச் சாப்பாட்டு நேரத்துல வாங்க, அப்போ கட்டில் காலியா இருக்கும்,” என்றார்.

ஏழு வாரம் வீணாய்ப் போனதே என்று வழியெல்லாம் இஃபத்துக்கு வயிறெரிந்தது.

“நாளைக்கும் நான் துணைக்கு வரட்டுமா அண்ணி?”

“வேண்டாம்.”

பத்ரி, வழக்கப்படி, மறுபடியும் கேட்டாள்.

“வேண்டாம்னா வேண்டாம்தான்!”