நாற்பது பக்கமும் பன்னிரண்டு ‘இல்லை’யும்

என் மகள் தான் செய்யாத தப்புக்கு ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டபோது, அதைச் செய்த நான் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். போன வருடம் மழைக்காலத்தில், ஹட்டனில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது.

மகள் கைப்பேசிச் செயலிகள் செய்பவள். பொகவந்தலாவை பஸ் முதலாளி ஒருவருக்கு, பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் செயலியைச் செய்திருந்தாள். சொந்தமாகப் பிடித்த முதல் வேலை. அதிலிருந்த வரைபடப் பகுதி மட்டும் அவள் எழுதியதல்ல. யாரோ வெளிநாட்டுக்காரர் எழுதிப் பொதுவில் விட்டிருந்த ‘லைப்ரரி’. இப்படி இரவல் வாங்கிச் சேர்க்கும் பகுதி, பயணியின் கைப்பேசியிலிருந்து எந்தத் தகவலை எதற்காக எடுக்கிறது என்று அறிவித்தால்தான் செயலிக் கடையில் ஏற்பார்கள். எழுதியவர் அந்த அறிவிப்பைத் தரவில்லை. நாற்பது பக்க ஆங்கில விளக்கம் மட்டும் இருந்தது.

“அப்பா, இங்கிலீசுல நீங்கதான் புலி. வாசிச்சு எழுதித் தாங்க” என்றாள்.

நான் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் முப்பத்தைந்து வருடம் கிளாக்கராக இருந்தவன். மேலே அனுப்பும் படிவங்களில், தெரியாத கட்டத்தில் ‘இல்லை’ என்றோ கைக்கு வந்ததையோ போடுவோம். ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. அதே கையால் அறிவிப்புப் படிவத்தின் பன்னிரண்டு கட்டத்திலும் ‘இல்லை’ போட்டுவிட்டு கிரிக்கெட் பார்க்கப் போனேன்.

செயலிக் கடையில் பொய்யைக் கண்டுபிடித்துச் செயலியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலாளியோ அதற்குள் எல்லா பஸ்ஸிலும் விளம்பரப் பேனர் கட்டியிருந்தார். நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்து கத்தினார்.

“சனமெல்லாம் கொண்டக்டருக்குப் போன் போட்டு பஸ் எங்கனு கேக்குதும்மா! அவன் டிக்கட் குடுப்பானா, ஆப் வேல பாப்பானா? நான் கொழும்புல ஆளப் பாத்துக்கிறேன்.”

மகள் கெஞ்சினாள். “எங்கப்பா முழுசா வாசிச்சுத்தான் எழுதினாருண்ணே, அதுல தப்பு இருக்காது. நான்தான் ஏத்தும்போது எங்கயோ மாத்திட்டேன். ஒரு கெழம டைம் குடுங்க.”

நான் இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன். அவர் முனகிக்கொண்டே சம்மதித்துப் போன பிறகுதான் மகளிடம் உண்மையைச் சொன்னேன்.

“ஒரு பக்கங்கூடவா வாசிக்கல?”

“தலைப்ப வாசிச்சேம்மா.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். கணினியை மூடிவிட்டு எழுந்து போனாள்.

நான்கு நாள் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது பக்கத்தையும் வாசித்தேன். பயணி நிற்கும் இடம், கைப்பேசியின் வகை, செயலியைத் திறந்த நேரம் எல்லாவற்றையும் அந்த லைப்ரரி எடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு எழுதிக் கொடுத்தேன். செயலியை ஏற்றுக்கொண்டார்கள். மறுநாள் பொகவந்தலாவைக்குப் போய், தப்பு என்னுடையது என்று முதலாளியிடம் சொன்னேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார்.

“ஐயா, நானும் ஒங்க தோட்டத்துல பொறந்தவன்தான். தோட்டத்து ஆபீசு எழுதி அனுப்பின பொறப்புப் பதிவுல ஒரு திகதி, பள்ளிக்கூடத்துல வேற திகதி. இன்னும் அலையிறேன். அதுவும் ஐயா எழுதினதுதானா?”

எனக்கு ஞாபகமில்லை. அதையே சொன்னேன். திருத்தம் கேட்டு மனு எழுதி, அவரோடு மூன்று முறை நுவரெலியாவுக்குப் போய்வந்தேன், இன்னும் முடியவில்லை. மகள் மறுபடியும் பேசுகிறாள், வாசிக்கவும் தருகிறாள். ஆனால் நான் வாசிக்காமல் நிரப்பிய கட்டங்களுக்குள் இன்னும் எத்தனை பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்களோ என்ற நினைப்பு, பஸ்ஸில் தெரியாத ஒருவர் என்னைப் பார்த்து “கிளாக்கர் ஐயா” என்று வணங்கும்போதெல்லாம் வந்துவிடுகிறது.