சாம்பல் குதிரையைத் தொடாதே

சூராகான் கம்பளிக் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள் அப்படித்தான் உட்கார வேண்டும். அவள் ஒப்பாரியை நிறுத்தக் கூடாது. அவள் பாடும்போது வேறு யாரும் அதைத் தடுக்கவும் கூடாது. திரைக்கு அந்தப் பக்கம் ஒஸ்மோன்குல் மூன்றாம் நாளாகப் பிணமாகக் கிடந்தார். வயது எண்பத்தெட்டு. அதில் அறுபத்து நான்கு வருஷம் இவளுக்குப் புருஷன்.

வெளியே ஆண்கள் கோலூன்றிக் குனிந்து நின்று அழுதார்கள். எல்லாரையும் மிஞ்சிக் கேட்டது பக்கத்து வீட்டுக் கச்கினின் குரல்தான்.

"மலை மாதிரி நின்னீங்களே அண்ணே! இனி யாரு எங்களுக்கு?"

சூராகானுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்தது. இதே வாய்தானே!

பதினான்கு வருஷத்துக்கு முன் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து அவள் இடுப்பு ஒடிந்தது. பிறகு எழுந்து நடக்கவேயில்லை. ஒஸ்மோன்குல் சாதாரண ஆள் இல்லை. ஏழு பிள்ளைகள், முப்பது பேரப்பிள்ளைகள், அவர் தலையசைக்காமல் அந்தக் குடும்பத்தில் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. அந்த மனுஷன் அவளுக்குத் தலை வாரிச் சடை பின்னினார். மலச்சட்டியை எடுத்துக் கழுவினார். விடிந்ததும் ஒற்றைக் காலை மடக்கி மண்டியிட்டுச் சாம்பல் குதிரையிடம் பால் கறந்தார். குதிரைப் பால் கறப்பது அங்கே பெண்கள் வேலை. கச்கின் தினமும் அந்த வழியாகக் குதிரையில் போவான். போகிறவன் சும்மா போவானா?

"என்ன மருமகளே, இன்னிக்கு எவ்வளவு கறந்தே?"

ஊரே சிரிக்கும். ஒஸ்மோன்குல் தலையைத் தூக்காமலே சொல்வார்: "உனக்கும் ஒரு கிண்ணம் வேணுமா? எறங்கு." அவனும் வெட்கமில்லாமல் இறங்கிக் குடித்துவிட்டுப் போவான்.

அந்தப் பாலைத் தோல்பையில் ஊற்றிக் கடைந்து புளிக்கவைத்து, கிண்ணத்தை அவள் வாயருகே பிடிப்பார். அவள் வயிற்றில் தங்கியது அது ஒன்றுதான். சோறோ கறியோ உள்ளே போனால் அடுத்த நிமிஷம் வெளியே வந்துவிடும்.

சாவதற்கு முந்தின நாள் மூத்த மகன் குபாத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் முன்னாலேயே சொன்னார்: "என் சாவுப் பந்திக்கு ரெண்டு ஆடு அறுத்தா போதும்டா. சாம்பல் குதிரையைத் தொடாதே. உங்கம்மா அதை வச்சுத்தான் உசுரோட இருக்கா."

"சரிங்கப்பா" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னான் அவன்.

இன்று விடிந்ததிலிருந்து சாம்பல் குதிரையின் குட்டி கத்திக்கொண்டே இருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தவளுக்குக் காதுதானே கண்? கத்தலுக்குத் தாய் எப்போதும் செருமிப் பதில் கொடுக்கும். இன்று பதிலே இல்லை. சூராகானின் ஒப்பாரி பாதியில் நின்றது.

"சைரா, தாய் ஏன் பதில் குடுக்கல?"

பக்கத்தில் இருந்த கடைசி மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "பெரிய மச்சான்தான் அத்தை... காலையிலேயே அதை அறுத்து..."

"கூப்புடு அவனை."

குபாத் வாசலில் குனிந்து நின்றான். "சம்மந்திங்க நாலு ஊர்லேர்ந்து வந்திருக்காங்கம்மா. ஆட்டுக்கறியப் போட்டு அனுப்பினா காறித் துப்ப மாட்டாங்களா? மத்த குதிரையெல்லாம் மேல மேய்ச்சல்ல கெடக்கு. இது அப்பா கையால பார்லி தின்ன குதிரை. வயித்துல மூணு வெரக்கடை கொழுப்பு! சம்மந்தியே அளந்து பாத்து அசந்துட்டாரு. எல்லாம் அப்பா பேருக்குத்தானே?"

"மூணு வெரக்கடைதானா உங்கப்பன் பேரு?"

"பாலுதானேம்மா, கடையில வாங்கித் தரேன். நீங்க அழுங்க. ஒப்பாரி ஏன் நின்னுச்சுன்னு வெளிய கேக்கறாங்க."

அவன் போய்விட்டான். அவளுக்கு அழுகை வரவில்லை. சீ, இதையா பத்து மாதம் சுமந்தேன் என்று இருந்தது.

நண்பகலில் உடலை வெளியே எடுத்து வைத்தார்கள். மதகுரு வழக்கப்படி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: "இவரு எப்படிப்பட்ட மனுஷன்?"

"நல்ல மனுஷன்!" கூட்டம் ஒரே குரலில் முழங்கியது. அதிலும் கச்கினின் குரல்தான் முந்திக்கொண்டு வந்தது. கறி வேகும் வாசனை கூடாரத்துக்குள் நுழைந்தபோது அவள் முக்காட்டு நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். வெளியே பந்தி விரித்தார்கள். வீட்டுக்குப் பெரியவள் என்று இடுப்பெலும்புப் பங்கைச் சைரா அவள் முன் கொண்டுவந்து வைத்தாள். அதன்மேல் மஞ்சள் கொழுப்பு மினுமினுத்தது. சூராகான் அதைப் பார்த்தாள். பிறகு, எந்த விதவையும் செய்யாததைச் செய்தாள். கையை ஊன்றி இடுப்பை இழுத்து, சுவரை விட்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"வாசல் திரையைத் தூக்கிக் கட்டு. இந்தத் தட்டைக் குபாத்கிட்ட குடு. அம்மா தன் பங்கைக் குடுத்தாங்கன்னு எல்லாரு காதுலயும் விழற மாதிரி சொல்லு."

பெரியவர்கள் தங்கள் பங்கிலிருந்து கொடுத்தால் மறுக்கக் கூடாது. ஒரு துணுக்கு மிச்சம் வைத்தாலும் அவமரியாதை. சைரா போய்ச் சொன்னாள்.

"அம்மா பங்கா! குடுத்து வச்சவன்யா நீ" என்றான் கச்கின், வாய் நிறைய.

குபாத் தட்டைப் பார்த்தான், எதிரே திறந்திருந்த கூடார வாசலைப் பார்த்தான். சம்பந்திகள் புன்னகையோடு காத்திருந்தார்கள். கொட்டகைப் பக்கம் குட்டி கயிற்றை இழுத்துக் கத்தியது. அவன் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டான். தாடை நின்றுவிட்டது.

"முழுங்குடா" என்றாள் சூராகான் உள்ளேயிருந்து. "எலும்பு தெரியற வரைக்கும் தின்னு."

அவன் மென்றான். அவள் அவனைப் பார்த்தபடியே, காலையில் பாதியில் நின்ற ஒப்பாரியை உரத்த குரலில் எடுத்தாள்.

"சாம்பக் குதிரையைத் தொடாதேன்னு சொன்னவரே, மகன் கையைப் புடிச்சுச் சொன்னவரே..."

பந்தியில் கைகள் நின்றன. பெரிய சம்பந்தி கடித்துக்கொண்டிருந்த எலும்பைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் குபாத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் பாடிக்கொண்டே இருந்தாள். நிறுத்தச் சொல்ல ஒருவனுக்கும் உரிமை இல்லை.