சம்பந்தி அம்மாள் இறங்கிய கதவு

எங்கள் அண்ணன் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் எனக்கு முன்னால் எழுதியவர்கள் எல்லோரும் அவரைக் கோபமே அறியாதவர் என்கிறார்கள். அவர்களில் யாரும் அண்ணன் கண்ணெதிரே ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை மடித்துப் பார்த்ததில்லை. கூடப் பிறந்த தங்கை நான், உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது நாங்குநேரிப் பக்கம். நடை பழகும் முன்பே தாராவிக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். ஊரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, நானும் இட்டுக்கட்டப் போவதில்லை. அப்பா தோல் கிடங்கில் பாடுபட்டார். அவர் படுக்கையில் விழுந்ததும் அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஆட்டோவுக்குக் கூரை தைக்கும் கடையில் போய் உட்கார்ந்தார். நான் படித்ததும், செம்பூரில் வாழ்க்கைப்பட்டதும் அந்த மிஷின் ஓடியதால்தான். இதை அவர் இருக்கும்போது நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் "போட்டீ, சோலியப் பாரு" என்றிருப்பார்.

பிறகுதான் ஜீப் பைத்தியம் பிடித்தது. பழைய மிலிட்டரி ஜீப்புகளை வாங்கி, அந்தக் காலத்தில் இருந்தபடியே ஆக்கி வைத்துக்கொள்ளும் பணக்காரர்கள் பம்பாயில் உண்டு. அந்த வண்டிகளுக்குத் தகரக் கதவு கிடையாது. கித்தான் துணியில் கதவு, அதில் கண்ணாடிக்குப் பதிலாக வினைல் என்கிற பிளாஸ்டிக் ஷீட்டில் ஜன்னல். ஒருவருக்குத் தைத்துக் கொடுத்தார், அது பிடித்துப்போய் மற்றவர்களும் தேடி வந்தார்கள். வினைலை மடித்தால் வெள்ளைக் கோடு விழும், ஆகவே சுருட்டித்தான் வைக்க வேண்டும். கடையோடு இதை விட்டிருந்தால் தேவலை. வீட்டில் மதினியின் பட்டுப்புடவை, மகளின் மார்க் ஷீட் எல்லாம் சுருட்டப்பட்டன. பாஸ்போர்ட்டையும் சுருட்டப் போனவரை மதினிதான் கையைப் பிடித்துத் தடுத்தார்.

அண்ணன் மகளுக்கு மாட்டுங்காவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் சம்பந்தம் அமைந்தது. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் தாயார், எங்கள் சம்பந்தி அம்மாள், "நீங்க தார்ப்பாய் தைக்கியளோ?" என்று கேட்டார். கேட்டதில் விஷம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு மிலிட்டரி ஜீப்தான், தன் கையால் தைத்த புதுக் கதவோடுதான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். சம்பந்தி அம்மாள் வாயால் ஒரு நல்ல வார்த்தை வர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

புதுக் கித்தான் தண்ணீர் பட்டால் சுருங்கும். அதனால் ஊறவைத்துக் காயப்போட்ட பிறகே வெட்டுவார். அந்தக் கதவுக்கு மட்டும் ஊறவைக்கவில்லை.

"நனைக்கலையா?" என்று மதினி கேட்டார்.

"நனைச்சா பழசு மாதிரி தெரியும். அந்த அம்மா மொடமொடன்னு பாக்கட்டும்" என்றார் அண்ணன்.

கல்யாணம் ஆனி மாதம். பம்பாயில் ஆனி மாதம் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். கோயிலிலிருந்து ஜீப் கிளம்பியது. அண்ணனிடம் கதவு தைக்க வருகிறவர்களில் ஒருவர்தான் ஜீப்பைக் கொடுத்தார், அந்த ஜீப்புக்காரரே ஓட்டினார். உள்ளே மாப்பிள்ளை, பின்னால் சம்பந்தி அம்மாள். மழை உள்ளே வரக் கூடாதென்று கதவைச் சுற்றி வெளிப்பக்கம் வரிசையாக டிச் பட்டன் வைத்திருந்தார் அண்ணன். எல்லாவற்றையும் தானே அழுத்தி மூடினார். வழியெல்லாம் மழை கொட்டியது.

மண்டபத்து வாசலில் வண்டி வந்து நின்றபோது கதவு இரண்டும் நனைந்து சுருங்கி, தவில் மாதிரி விறைத்திருந்தன. ஒரு பட்டன்கூட அசையவில்லை. ஜன்னல் முழுக்க உள்ளே ஆவி படிந்துவிட்டது. ஒரு கை வட்டமாகத் துடைத்தது. அந்த வட்டத்தில் மாப்பிள்ளையின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. ஆரத்தித் தட்டோடு நின்ற நான் வேறு வழியில்லாமல் அந்தக் கண்ணுக்கு ஆரத்தி எடுத்தேன். ஜீப்புக்காரர் உதவி கேட்டு ஹாரன் அடித்தார். மேளக்காரர்கள் அதைக் குஷி என்று நினைத்து இன்னும் பலமாக வாசித்தார்கள்.

"முகூர்த்தம் போயிண்டிருக்கு" என்று மண்டபத்துக்குள்ளேயிருந்து புரோகிதர் குரல் கொடுத்தார்.

கூட்டம் "காட் டாலோ, வெட்டுங்க" என்று கத்தியது. அண்ணன் கேட்கவில்லை. ஜன்னலைச் சுற்றி நூலைப் பிரித்து, வினைலை முழுசாகக் கழற்றி, சுருட்டி என் கையில் கொடுத்து, "மடிச்சிராத" என்றார். மாப்பிள்ளை அந்த ஓட்டை வழியாகத் தலைப்பாகையோடு தலைகுப்புற வந்து இறங்கினார்.

அடுத்து சம்பந்தி அம்மாள். "நான் சன்னல் வழியா வர மாட்டேன்" என்றார்.

"கதவ வெட்டுங்கப்பா" என்று அண்ணன் மகள் மணக்கோலத்தில் வாசலுக்கே வந்துவிட்டாள். "ஒங்களுக்குக் கதவு வேணுமா, என் கல்யாணம் வேணுமா?"

"ரெண்டும் வேணும்ட்டி" என்றார் அண்ணன். அவர் வாழ்க்கையில் அதைவிட உண்மையான பேச்சு பேசியதில்லை.

அப்போது ஜீப்புக்குள்ளேயிருந்து சம்பந்தி அம்மாள், "நான் இல்லாமயே தாலியக் கட்டுங்க. நான் இங்கனயே இருக்கேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். அண்ணனின் முகம் மாறிவிட்டது. பிளேடை எடுத்து, தன் கதவை மேலிருந்து கீழ்வரை ஒரே கீறலாகக் கிழித்தார். இரண்டு பக்கமும் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு, "வாங்க சம்பந்தி" என்றார். சம்பந்தி அம்மாள் நிமிர்ந்தே இறங்கி நடந்து போனார். தாலி நேரத்துக்குக் கட்டியாயிற்று.

ஆனால் அந்தக் கதவைப் பற்றிச் சம்பந்தி அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லதும் இல்லை, பொல்லாததும் இல்லை. மகள் தாய்வீட்டுக்கு வரும்போதெல்லாம் அண்ணன், "ஒங்க அத்தை எதாவது சொன்னாவளா?" என்று கேட்பார். "ஒண்ணும் சொல்லலப்பா" என்பாள். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பார். பேரன் பிறந்து அவன் பேச ஆரம்பித்த பிறகு அவனிடமும் கேட்டார்.

போன வருஷம் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். கோடை முடிகிற சமயம். சம்பந்தி அம்மாள் பார்க்க வந்தார். கட்டில் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மழை வந்தா எங்க வீட்டு பால்கனியில சாரல் அடிக்கும். தார்ப்பாய் கட்ட ஆள் வந்தான், வேண்டாம்னுட்டேன். நீங்க எந்திரிச்சு வந்து தச்சுக் குடுங்க" என்றார்.

அண்ணன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "தைக்கேன் சம்பந்தி. ஜன்னல் வைக்கணுமா?"

"வைங்க. தெறக்கிற மாதிரி வைங்க."

அண்ணன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, நர்ஸ் ஓடிவந்து எங்கள் எல்லோரையும் திட்டினார். அத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மழை தொடங்கும் முன்பே அண்ணன் கண்ணை மூடிவிட்டார்.

அண்ணனைக் குழந்தை போல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், கடைசி யாத்திரையில் தோள் கொடுத்த தாராவிக்காரர்களுக்கும், கிழிந்த கதவுக்காக ஒருநாளும் முகம் சுளிக்காத ஜீப்புக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சம்பந்தி அம்மாளுக்கு நன்றி சொல்ல அந்த மழைக்காலத்திலேயே நானே மாட்டுங்காவுக்குப் போனேன். மழைத்தண்ணீர் பால்கனியைத் தாண்டி நடுவீடு வரை வந்திருந்தது. வேறு ஆளை வைத்துக் கட்டிவிடலாமே என்று கேட்டேன்.

"சம்பந்தி தைக்கேன்னு சொல்லியிருக்காவல்ல" என்று சொல்லிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு தரையைத் துடைக்க உட்கார்ந்தார்.