அம்மன் மரத்துக்கு ஊற்றிய தண்ணீர்

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். பிழையும் நிறைய இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் போடிமெட்டுக்கு மேற்கே இருக்கிறது. நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் முன்பு பெருங்காடு. எனக்குக் கல்யாணம் ஆவதற்குச் சில வருடம் முன்னால் அங்கே கூப்பு எடுத்தார்கள். பெரிய மரங்களையெல்லாம் வெட்டி, யானை வைத்து இழுத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாரியம்மன் கோயிலை ஒட்டி நின்ற ஒரு மரத்தை மட்டும் சாமிக்குப் பயந்து விட்டுவைத்தார்கள். அதற்காகக் கூப்புக்காரருக்கு நாங்கள் மாலை போட்டோம்.

அந்த மரத்தின் உச்சிக் கிளைகளில் பாசி மெத்தை மாதிரி படர்ந்திருக்கும். அதற்குள் வேர் விட்டு மரவாழை வளரும். பங்குனியில் அதன் வெள்ளைப் பூ சரம் சரமாகத் தொங்கும். பூவைக் கண்ட பிறகுதான் கரகம் எடுப்போம். அதற்கு முன், அந்த வருடம் லயத்துக்கு வந்த புது மருமகள் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை மரத்தடியில் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீரில்தான் பூ வருகிறது என்று எல்லோரும் நம்பினோம். நானும்தான்.

கூப்பு முடிந்த பிறகும் சில பங்குனி பூத்தது. வருடத்துக்கு வருடம் குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை. போடிப் பக்கமிருந்து என் மனைவி வாழ்க்கைப்பட்டு வந்த வருடம் அவள் ஊற்றினாள். ஒரு பூகூட வரவில்லை.

கோயில் வாசலில், எங்களை வேலை வாங்கும் கங்காணியின் மனைவி, இவள் காதில் விழும்படியே கேட்டாள்: "குடத்துல தண்ணி கொண்டாந்தாளா, கொள்ளி கொண்டாந்தாளா?" நின்ற பெண்கள் சிரித்தார்கள். மறுவருடம் வேறொரு மருமகள் ஊற்றினாள். அப்போதும் பூக்கவில்லை. "முன்னவ ஊத்துன சூடு இன்னும் ஆறல" என்றார்கள்.

நான் மரத்தில் ஏறிப் பார்த்தேன். பாசி பீடித்தூள் மாதிரி கையில் உதிர்ந்தது. மரவாழை காய்ந்து வெறும் நாராக இருந்தது. முன்பு சுற்றிலும் நின்ற மரங்கள் காற்றையும் வெயிலையும் மறித்து, பனியைப் பிடித்து வைத்திருந்தன. இப்போது நாலு பக்கமும் வெட்டவெளி. அந்தச் செடியின் வேர் மண்ணையே தொடுவதில்லை. அது குடித்தது பனியைத்தான். அடியில் ஊற்றிய தண்ணீர் ஒரு நாளும் அதற்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

காய்ந்த செடியைக் கொண்டுபோய்க் கங்காணி முன்னால் வைத்தேன். கோயில் காரியமும் அவர்தான் பார்த்தார். "கூப்பு எடுத்ததாலதான், அண்ணாச்சி" என்றேன். காய்ந்த வேரை விரித்துக் காட்டினேன்.

"கூப்பு எடுத்த பொறவும் பூத்துச்சேடா. ஒம் பொண்டாட்டி வந்த பொறவுதான நின்னுச்சு? அம்மன் தலையில ஏறி மிதிச்சிட்டு வந்து எனக்கு நாயம் சொல்லுதியா?"

அதோடு கும்மிக்கும் முளைப்பாரிக்கும் அவளைக் கூப்பிடுவது நின்றது. பக்கத்து வீட்டில் பிரசவம் என்று வெந்நீர் வைக்கப் போனவளை, அடுப்படியிலிருந்து எழுப்பி அனுப்பினார்கள்.

இத்தனை வருடம் கழித்து, அன்று வெட்டிய இடத்தில் மரங்கள் உயர்ந்துவிட்டன. ரோட்டிலிருந்து பார்த்தால் பச்சைதான். காடு பழையபடி ஆகிவிட்டது என்று ஃபாரஸ்ட் கார்டு சொல்கிறார். நான் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். ஒவ்வொரு கிளையும் துலக்கிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி மொழுக்கென்று இருக்கிறது. பாசியும் இல்லை, பூவும் இல்லை.

இன்று கோயிலில் மேளம் கேட்டதும் அவள் கதவைச் சாத்திவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்தாள். மடித்துக்கொண்டே கேட்டாள்: "காடு திரும்ப வந்துருச்சாமே?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"அப்ப பூ வராததுக்கு நீங்க கூப்பு மேல சொன்ன பழியும் போச்சு. இனி மிச்சம் நான் ஒருத்திதான்."

1979, பங்குனி 22.