ஹார்ட்விக் தோல்கேயின் ஐந்தாவது ஹீட்டர்

ஐந்தாவது ஹீட்டரை வாளித் தண்ணீருக்குள் இறக்கி, பக்கத்திலேயே தன் வெப்பமானியைத் தொங்கவிட்டு, குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார் ஹார்ட்விக் தோல்கே. மடியில் நோட்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதில் ஓர் எண் ஏறியது. ஹீட்டரின் திருகை இருபத்தொன்பதில் வைத்திருந்தார். வெப்பமானி முப்பத்திரண்டு காட்டியது. சிவப்பு மையை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"இதுவும் தேறாது. மீனை அவிச்சிடும்."

கதவுக்கு வெளியே தோளில் துண்டோடு நின்றாள் மனைவி குட்ருன். "மூணு வாரமா பக்கத்து வீட்ல குளிக்கிறேன். அவங்க அழைப்புமணிக்குக் கீழே என் பேரையும் எழுதிடச் சொல்லட்டுமா?"

பிரவுன்ஷ்வைக் நகரத்து லிஃப்டுகளை முப்பத்தோரு வருடம் பரிசோதித்து ஓய்வு பெற்றவர் ஹார்ட்விக். இன்றும் எந்த லிஃப்டில் ஏறினாலும் உள்ளே நின்று ஒரு குதி குதித்துப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அமுக்குவார். கூட நிற்பவர்கள் படியேறிப் போவதே உத்தமம் என்று இறங்கிவிடுவதும் உண்டு. சந்தையில் உருளைக்கிழங்கு வாங்கும்போது விலையைக் கேட்க மாட்டார். தராசில் ஒட்டியிருக்கும் சோதனை முத்திரை எந்த வருடத்தது என்று குனிந்து படிப்பார். வளர்ப்பு மீன் கடைக்காரர் இதுவரை நான்கு ஹீட்டர்களை முகம் சுளிக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறார். அந்த மனிதருக்குக் கோயில் கட்டலாம்.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு, பழைய ஹீட்டர் ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டு, கூடத்து மீன்தொட்டியில் இருந்த டிஸ்கஸ் மீன் ஜோடியைக் கொன்றுவிட்டது. அன்று அவர் அழுத அழுகையைக் குட்ருன் யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் அவளுடைய கேலி எப்போதும் ஓர் அளவோடு நின்றுவிடும்.

இப்போது இருக்கும் ஜோடியைக் கொடுத்தவள் மீன் வளர்ப்போர் சங்கத்து ரெனாத்தே. தட்டு மாதிரி வட்டமான இரண்டு மீன்கள். வந்த நாள் முதல் கறுத்துப்போய், தொட்டிக்குள் கிடந்த வேர்க்கட்டைக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. முட்டையிடும் பேச்சே இல்லை. தொட்டியில் இருக்கும் ஹீட்டர் சரியில்லை, நம்பகமான ஒன்று வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது ஹார்ட்விக்கின் கட்சி.

புதன்கிழமைச் சங்கக் கூட்டத்தில், பீர் கோப்பையை வைத்துவிட்டு ரெனாத்தே சொன்னாள்: "எத்தனையோ வீட்டுக்கு ஜோடி குடுத்திருக்கேன், ஹார்ட்விக். உன் வீட்ல மட்டும்தான் அதுங்க சந்நியாசம் வாங்கிடுச்சு. ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன். அப்புறம் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன்."

அன்று அவர் கோப்பையைப் பாதியிலேயே வைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தார்.

சிவப்புக் கோடு போட்ட அந்த நாளில்தான் குட்ருன் பொறுமையிழந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பன்றிக்கறியில் குத்திப் பார்க்கும் வெப்பமானியைச் சமையலறையிலிருந்து எடுத்துவந்து வாளிக்குள் விட்டாள். இருபத்தொன்பது.

"அது கறிக்கு," என்றார் ஹார்ட்விக். "இது முப்பது வருஷமா என்கூட வேலை பார்த்தது. ஒருநாள்கூடப் பொய் சொன்னதில்ல."

"கடைசியா எப்ப அதைச் சோதிச்சே?"

ஹார்ட்விக் எழுந்து சமையலறைக்குப் போய், பனிக்கட்டியை நொறுக்கிக் கண்ணாடி டம்ளரில் தண்ணீரோடு நிரப்பி, தன் வெப்பமானியை அதற்குள் நிறுத்தினார். அது இறங்கி இறங்கி மூன்றில் நின்றுவிட்டது. தட்டிப் பார்த்தார். பூஜ்யத்துக்கு வர மறுத்தது.

"அப்போ இது இருபத்தொன்பதுன்னு காட்டுற தொட்டியில நிஜமா இருக்கிறது இருபத்தாறுதான்," என்றார் மெதுவாக. "இத்தனை நாளும் நான்தான் அதுங்களைக் குளிர்ல போட்டு வச்சிருக்கேன்." ஊரில் உள்ள முத்திரைகளையெல்லாம் குனிந்து படித்தவருக்கு நிமிர்ந்து மனைவியைப் பார்க்க முடியவில்லை. குட்ருனும் அன்று கேலி செய்யவில்லை.

ஐந்தாவது ஹீட்டர் தொட்டிக்குள் போனது. மீனுக்கு அதிர்ச்சி ஆகக்கூடாதென்று நாளுக்கு ஒரு டிகிரியாக ஏற்றினார். பக்கத்தில் சாட்சிக்குக் கறி வெப்பமானி. மூன்றாம் நாள் மீன்களின் கறுப்பு வெளுத்தது. அதற்கடுத்த நாள் இரண்டும் அவர் கையிலிருந்து தின்றன.

ஈஸ்டருக்கு முந்தின நாள் காலையில் ரெனாத்தே வந்துவிட்டாள். கூடத்துக்குள் கால் வைத்தவளைக் குட்ருன் தோளைப் பிடித்து நிறுத்தினாள். தொட்டிக்குள் பெண்மீன், முட்டையிடுவதற்கென்று வைத்திருந்த மண்கூம்பின் மேல் மெல்ல ஊர்ந்து ஏற, அதன் பின்னால் மணி மணியாக முட்டைகள் ஒட்டிக்கொண்டே வந்தன.

"அசையாதே, ஹார்ட்விக்," என்று தொட்டியருகே நின்றிருந்தவரிடம் கிசுகிசுத்தாள் ரெனாத்தே.

ஹார்ட்விக்கின் கை தன் பாட்டுக்கு ஹீட்டரின் திருகை நோக்கி எழுந்தது. பாதியில் நின்றது. பிறகு இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் முழங்கைவரை போகட்டும் என்பதுபோல ஆழமாக விட்டுக்கொண்டார்.